கெண்ட்ரெல் மீது ஏற்றிய எடை

ஆகஸ்ட் 17, சனி

என் மீன் கடைக்கு இன்று வந்த கெளுத்தி நல்ல சரக்கு. மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் மீன் தின்ன வந்தவர்களைவிட என் மகனை விசாரிக்க வந்தவர்களே அதிகம். கெண்ட்ரெல் பல்கலைக்கழகம் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்தில், நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கும் பையன்களுக்கு மட்டும் கொடுக்கும் ஐந்து நட்சத்திரம் அவனுக்கு. தெற்கு ஜார்ஜியாவில் இதற்கு மேல் பெயர் வாங்க வழியில்லை.

“மிஸ் வெர்லீன், பையன் டிவியில வந்ததும் எங்கள மறந்துடாதீங்க” என்றார் வாடிக்கைக்காரர் ஹோசியா.

“மறக்கத்தான் பாக்குறேன். தினம் வந்து நின்னா எப்படி மறக்குறது?”

நட்சத்திரத்தை நான் நம்பவில்லை. அவனைத் தேடி வந்த கோச் டாகெட்டை நம்பினேன். மூன்று முறை என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். “இவன் வேகம் யாருக்கும் கத்துக்குடுத்து வராதும்மா. வரிசை ஓரத்திலிருந்து பந்து வச்சிருக்கிறவன் மேல பாய விடுவேன், அவ்வளவுதான். வேற எதையும் மாத்த மாட்டேன்” என்றார். ஆளைப் பார்த்துத்தான் வியாபாரம் முடித்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

டாகெட் போய்விட்டார். டெக்சாஸில் இன்னும் பெரிய வேலையாம். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் சரக்கை ஆசைப்பட்டு வாங்கியவன் கடையை விட்டுப் போய்விட்டால், அது அப்புறம் எந்த அலமாரியில் கிடக்கும்?

டிசம்பர் 11

“பரவால்லம்மா” என்றான் கெண்ட்ரெல் ஃபோனில். அவன் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

புதிய கோச் ரென்ஷாவுக்கு ஓரத்தில் ஆள் இருக்கிறதாம். இவனை நடுவில் நிறுத்தி முட்டவிடப் போகிறாராம். அதற்கு உடம்பில் நாற்பது பவுண்டு எடை ஏற வேண்டும்.

விடுமுறைக்கு வந்திருக்கிறான். சர்ச் முடிந்ததும் சபைப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள் - சீஸ் மக்ரோனி, பன்றி விலா, பீச் பழப் பணியாரம். “சாப்பிடு ராஜா, கோச்சே சொல்லிட்டார்ல” என்று ஆளாளுக்குத் தட்டில் கொட்டினார்கள். ஒருவர் மனமும் நோகாமல் தின்றான். பின்பக்கம் போய் வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தான்.

“போதுமாடா?”

“இன்னும் பதினோரு பவுண்டு பாக்கி இருக்கும்மா.”

இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

கடையை மூடிவிட்டு, அவன் ஆட்டத்தைப் பார்க்க ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். யாருக்கு ஜெயம் என்று முடிவான பிறகு, கடைசியில் கொஞ்ச நேரம் இவனை இறக்கினார்கள். எதிரணிப் பொடியன் ஒருவன் பந்தோடு அவன் கைக்கடியில் நுழைந்து போய்விட்டான். முன்பெல்லாம் பந்து அசையும்போதே கெண்ட்ரெல் முதல் அடி எடுத்து வைத்திருப்பான். அந்த வேகம் போய்விட்டது. முழங்காலில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினான்.

பின்வரிசையில் ஒருத்தன், “அஞ்சு நட்சத்திரமாம்! தின்னே கெட்டான் சோம்பேறி” என்றான்.

திரும்பினேன். “தின்ன வச்சது நான். வாய மூடுய்யா.”

செப்டம்பர் 7

தலைக்கனம் என்கிறார்கள். ஆசை விட்டுப்போச்சு என்கிறார்கள். பதினேழு வயதில் ஒரு பையனை அளந்து விலை போட்டீர்கள். பிறகு அவனை வேறொருவனாக்கிவிட்டு, பழைய விலைக்கு ஏன் போகவில்லை என்றால்? எந்தச் சந்தையில்டா இது நியாயம்?

அக்டோபர் 21, செவ்வாய்

“வேற காலேஜுக்குப் பேர் குடுத்துப் பாரேன்” என்றேன்.

“அவங்களுக்குத் தெரிஞ்சது வேகமா ஓடினவன்மா. இப்ப இருக்கிற இவனை யாரு கேப்பா?”

அவன் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஃபோனை வைத்துவிட்டு, தேய்த்த எண்ணெய்ச் சட்டியையே மறுபடி தேய்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆட்டத்தை விட்டுவிட்டான். போய்க் கூட்டி வந்தேன். பாதி வழி தூங்கிக்கொண்டே வந்தான், குழந்தை மாதிரி.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் வேகவைத்த வேர்க்கடலை வாங்க உள்ளே போனோம். கல்லாவில் இருந்த பெண் அவனை அண்ணாந்து பார்த்தாள். “யம்மாடி, என்ன உடம்பு! எந்த டீமுக்கு ஆடுறே கண்ணு?”

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவனை முந்திக்கொண்டு நான்தான் பதில் சொல்வேன். இன்றும் வாயைத் திறந்துவிட்டேன்.

“நான் ஆடுறதில்லீங்க” என்றான். பை வேண்டுமா என்று கேட்டதற்குச் சொன்னது போல, அவ்வளவு லேசாக.

வெளியே வந்ததும், “நீ அசந்து தெரியறே. நான் ஓட்டட்டுமாம்மா?” என்றான்.

சாவியைக் கொடுத்தேன். கடலையை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.