மிதந்து வந்த வீடுகள்

புதுச்சேரி
14-10-2007

கனடாவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாமியார், தம்பி அலெக்சாண்டருக்கு அக்கா வேளாங்கண்ணி எழுதுவது. இயேசுவுக்கே புகழ். உன்னை ‘சுவாமி’ என்று அழைக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

கடிதம் வந்தது, போட்டோவும் வந்தது. ஐயோ, அந்தப் போட்டோ! ரெண்டு நாளாக இங்கே அதே பேச்சுதான். உறையைப் பிரித்ததும் முதலில் விழுந்தது அதுதான். நடுக்கடலில் ஒரு மாடி வீடு! அம்மா நெஞ்சில் கை வைத்து, “அங்கயும் சுனாமி வந்துடுச்சா?” என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கடல் கொண்டுபோன வீடு இல்லை, அவர்களே கடலில் இறக்கிக் கொண்டுவந்த வீடாமே!

உன் மாமா சும்மா இருப்பாரா? போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஐஸ் வண்டியோடு தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மீன் ஏலமே நின்றுபோகிற அளவுக்குக் கூட்டமாம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஜனங்கள் ஒரு தீவில் இருந்ததையும், பள்ளிக்கூடமும் ரோடும் இருக்கிற பக்கம் போய்விடுங்கள் என்று அரசாங்கம் சொன்னதையும், அவர்கள் வீட்டுக்கு அடியில் காலி பீப்பாய்களைக் கட்டி, கடல் ஏற்றம் பார்த்து, படகுகளால் இழுத்துக்கொண்டு இப்போதிருக்கும் பார்ட்டன்ஸ் கோவ் என்கிற ஊருக்கு வந்ததையும் மாமா விளக்கினாராம். விசைப்படகு வைத்திருக்கிற பாவாடை அண்ணன் நம்பவே இல்லை. “கயித்த எங்க கட்னாங்க, காத்து திரும்புனா என்னா பண்ணாங்க? சாமிய கேட்டு எழுதச் சொல்லு” என்று ஒரே பிடியாம். அப்புறம் அவரே ஜன்னலில் திரைத்துணி அப்படியே தொங்குவதைக் காட்டி, “நம்மாளுங்கதாண்டா இவங்க” என்றாராம். கயிறு விஷயத்தை மறக்காமல் எழுது. மாமாவின் மானமே அதில்தான் இருக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இப்போது நீ இருக்கும் அந்த ஊரையும் காலி செய்வதா என்று அடுத்த மாதக் கடைசியில் ஓட்டு. ஊர் பாதிக்குப் பாதியாக நிற்கிறது, நீ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முடிவு என்கிறாய். காலி செய்தால் கோயிலை மூடிவிட்டு ஆயர் உன்னை ஈஸ்டருக்குள் இங்கே அனுப்பிவிடுவார். இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷம்.

உண்மையைச் சொல்கிறேன், ‘காலி செய்யலாம்’ என்று போட்டுவிட்டு ஓடி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். டாக்டர் போன வாரம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். நீ பயப்படாதே. அம்மா கஞ்சி குடிக்கிறாள், சீரியலையும் விடுவதில்லை.

அம்மா கேட்டதோ வேறு. தீவிலேயே விட்டுவந்த கல்லறைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். கோடையில் ஊரே படகில் போய்ப் புல் வெட்டும், நீ அங்கே பூசை வைப்பாய் என்று எழுதியிருந்தாயே, அதை மறுபடி படித்துக் காட்டினேன். கல்லறைத் திருநாள் நெருங்கினால் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி அவள் நம்மைப் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். “செத்தவங்கள வுட்டுட்டு ஒரு தடவ வந்தவங்க. இன்னொரு தடவயும் போங்கன்னு எம் புள்ள ஓட்டு போடக் கூடாது. எனக்காக வர்றதுன்னா வேணாம்னு எழுது” என்றாள். எழுதிவிட்டேன். எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனால் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

ஓட்டுப் போட்டதும் போன் செய். இங்கே காலை நேரமாகப் பார்த்துச் செய். சாயந்திரமானால் அவளுக்குக் குரல் எழும்புவதில்லை.

கடிதத்தை மடிக்கப் போனபோது, உன் நெற்றியில் சிலுவை போட வேண்டும் என்று கையை நீட்டினாள். உன் நெற்றிக்கு நான் எங்கே போவேன்? இந்தத் தாளைத்தான் நீட்டினேன். கீழே காலியாக இருக்கும் இடத்தில் விரலால் போட்டிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாது. நெற்றியில் ஒற்றிக்கொள், தம்பி.

உன் அக்கா,
வேளாங்கண்ணி