மாரிஸ் வண்டியின் ஆயில் முள்

ஜூலை 9, செவ்வாய்

மழை இல்லை. புழுதிக் காற்று. சேலம் போய் வந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைக்கும் நாள். திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், பிறகு எழுந்து போனாள். கண்டக்டர் எங்களைக் கடைசி ஸீட்டுக்குப் போகச் சொன்னார், மரியாதையாகத்தான். புண்ணின் வாடை. எனக்குப் பழகிவிட்டது. அவர் துண்டால் தன் முகத்தைத் தானே மூடிக்கொண்டார். தர்மபுரியில் பஸ் மாறியபோதும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் படுக்கவில்லை. நேரே கொட்டகை. தார்ப்பாயை விலக்கி, பழைய மாரிஸ் வண்டியைப் பார்த்தபடி நின்றார். முன்பு டாக்ஸியாக ஓட்டியது. லாரி வேலைக்குப் போனபின் ஆறு வருடமாக அப்படியே கிடக்கிறது. அடுத்த செவ்வாய் இதில்தான் என்று சைகை காட்டினார்.

10, புதன்

நான் சமைக்கும் சத்துணவுக் கூடத்தில் பருப்பு தீரப்போகிறது. ஆபீசில் சொல்ல வேண்டும். மாலை அதியமான்கோட்டை போய்ப் பசப்பாவைக் கூப்பிட்டேன். இவரோடு லாரி ஓட்டியவர், இப்போது மெக்கானிக். இவ்வளவு நாள் நின்ற இஞ்சினில் எண்ணெய் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும், எடுத்ததும் ஸ்டார்ட் செய்தால் இரும்பை இரும்பு தின்றுவிடும் என்றார். முதலில் ஆயில் பிரஷர் ஏறுகிறதா பார்க்க வேண்டுமாம்.

கஞ்சி இரண்டு கரண்டிதான் இறங்கியது.

11, வியாழன்

புது எண்ணெய் ஊற்றியாயிற்று. பசப்பா, ஸ்டார்ட் ஆகாதபடி பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டு இஞ்சினைச் சுற்றினார். இவர் உள்ளே உட்கார்ந்து ஆயில் மீட்டரையே பார்த்தார். முள் அசையவில்லை. மீட்டருக்குப் பின்னால் குழாயைத் தளர்த்தி, கீழே வெள்ளைத் துணி பிடித்து மறுபடி சுற்றல். துணி காய்ந்தே இருந்தது. எண்ணெய் மேலே வரவே இல்லை. பசப்பாவுக்கு மூச்சு வாங்க, நானும் சுற்றினேன். உள்ளங்கை உரிந்துவிட்டது.

எனக்குக் கோபம். "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. போனாப் போகட்டும்," என்றேன். இவர் தலையசைத்து மறுத்தார். இருமல். துண்டில் ரத்தம்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

12, வெள்ளி

வெயில். பசப்பா ஆயில் பம்புக்குப் போகும் வழியைத் திறந்து அதற்குள் எண்ணெய் ஊற்றினார். பம்பு வறண்டிருந்தால் இழுக்காதாம். சுற்றச் சுற்ற, துணியில் முதலில் ஒரு ஈரம், பிறகு கருப்பாக ஒழுகல். குழாயை முடுக்கினதும் முள் எழுந்தது. இவர் கண்ணாடி வழியே கட்டை விரலைக் காட்டினார். பல மாதத்துக்குப் பிறகு பல் தெரிந்த முகம்.

பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட். கொட்டகை முழுக்கப் புகை, கோழிகள் ஓட்டம். ஆனால் சூடு ஏற ஏற முள் இறங்கியது. பசப்பா உடனே நிறுத்தினார்.

"பேரிங் தேஞ்சிருக்குதுங்க அண்ணா. மெதுவாப் போனா சேலம் சேரும். திரும்பி வர்றதுக்கு நான் சொல்ல முடியாதுங்க."

இவர் குரல் வெறும் காற்றுதான். குனிந்து கேட்டோம்.

"போய்ச் சேந்தாப் போதும்."

அடுப்படிக்குப் போய் அழுதேன். சோறு கருகியது.

14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பின் ஸீட்டுக்கு மெத்தை, தலையணை, பழைய துணிகள், ஃபிளாஸ்க். வண்டியை அவரே துடைக்கப் பார்த்தார். ஒரு கதவோடு சரி.

16, செவ்வாய்

பசப்பா ஓட்டினார். மீட்டரைப் பார்க்க வேண்டும் என்று இவர் அடம், முன்னால்தான் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. மெத்தையோடு பின்னால் நான். தொப்பூர் கணவாயில் இவர் மீட்டரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நிறுத்தினோம். இஞ்சின் ஆறும் வரை புளியமர நிழல். மூக்கைப் பொத்த அங்கே யாரும் இல்லை. துண்டு அவர் மடியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார் டாக்டர். கரண்ட் இனி வேண்டாம். வலிக்கு மாத்திரை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள்.

வண்டிக்கு வந்தேன். என்ன என்று புருவத்தால் கேட்டார். கொஞ்சம் இடைவெளி விட்டு வரச் சொன்னார் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பசப்பா தோளைத் தொட்டு, காற்றுக் குரலில், "அதுக்குள்ள பேரிங் மாத்திடு."

பசப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாத்திடலாங்க அண்ணா."

அதே வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். நாளை பருப்புக்கு ஆபீஸ் போக வேண்டும்.