பெயர் அழித்தவன் அனுப்பிய திருத்தம்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் ரிவியூ வரிசையைத் திறந்தேன். புதிதாக ஒரு பக், அதாவது நிரல் பிழைக்கான திருத்தம் வந்து கிடந்தது. அனுப்பியவர்: கண்ணபிரான்.

வேறு யாராவதாக இருக்கும் என்று பெயரோடு இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவனேதான். அதே மீட்டிங் சிரிப்பு.

சென்னைக் கம்பெனியில் என் டீம் லீடர். நான் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய பில்லிங் நிரலில், எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் வரலாற்றிலிருந்து வள்ளிமயில் என்ற என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன். நிரலுக்குள் தவறுதலாகக் கடவுச்சொல் ஏதாவது சேர்ந்துவிட்டால், வரலாற்றைத் திருத்தி அதை எடுப்பதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதை வைத்துத்தான் செய்தான். பதவி உயர்வு அவனுக்கு. "நீ என்ன எழுதின, காட்டு" என்று மேலே கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு வரி இல்லை. வேலை போனது. கோவில்பட்டிக்கு ரயில் ஏறினேன்.

அந்த வெறியில்தான் அந்தக் கருவியையே குடைந்து குடைந்து படித்தேன். யாரும் பங்களிக்கக்கூடிய பொதுத் திட்டம் அது. இன்றைக்கு அதில் திருத்தங்களைச் சரிபார்த்து உள்ளே விடுகிறவர்களில் நானும் ஒருத்தி. அங்கே என் பெயர் 'கரிசல்'. ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

வாலே வா.

அக்டோபர் 7, செவ்வாய்

திருத்தத்தைப் படிக்கவே இல்லை. அவன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் மகாராஜா, "ஏட்டி, ரசத்துல உப்பே இல்ல. என்ன யோசனை?" என்றார். சொன்னேன்.

"அவனா! லேசுல விட்டுறாத. நல்லா அலைய விடு."

இதற்காகத்தான் இந்த மனுஷனைக் கட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

இடைவெளி சரியில்லை. பெயர்கள் நீளம். விளக்கம் தெளிவில்லை. இப்படிக் குறை எழுதித் திருப்பி அனுப்பியாயிற்று.

மாலையில் பதில்: "நன்றி சார். மாற்றிவிடுகிறேன்."

சார்! ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடி திருப்பினேன். மறுபடி "நன்றி சார்". 'உன் லெவலுக்கு இது போதும்' என்று பத்துப் பேர் முன்னால் என்னைச் சொன்ன வாய் அது.

இந்தப் பக் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது, விவரம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். எழுதியிருக்கிறான். இப்போதிருக்கும் இடத்தில் புது மேனேஜர் இவன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுவிட்டானாம். வரலாற்றைத் திருத்தும்போது பழைய பிரதி ஒன்றைக் கருவி தனியே எடுத்து வைக்க வேண்டும். ஆனால் ஓட்டம் பாதியில் நின்று மறுபடி ஓட்டினால், எடுத்து வைத்த பிரதியையும் சேர்த்து அழித்துவிடுகிறதாம். காட்ட ஒன்றுமில்லையாம்.

சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா சன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன வள்ளி, தனியா சிரிச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள்.

"ஒரு நல்ல சேதி வந்திருக்குக்கா" என்றேன்.

படட்டும். நல்லா படட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

இன்றைக்குத்தான் திருத்தத்தை ஒழுங்காகப் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம்.

சரியாக இருக்கிறது. அப்படி ஒரு ஓட்டை இருப்பது நிஜம். அன்றைக்குப் பழைய பிரதி கேட்டு நான் கம்பெனி முழுக்க அலைந்தேன், எங்கேயும் இல்லை என்றார்கள். என் பெயரும் இந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். இத்தனை காலம் இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், என் கண்ணில் படவில்லை. இவன் கண்ணில் பட்டிருக்கிறது. வயிறு எரிகிறது.

தள்ளிவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும். நாளைக்கு எவளாவது ஒருத்தி, என்னைப் போல, காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பாள். உள்ளே விட்டால் அவன் ஜெயித்தான். ச்சே, என்ன எழவு இது! வேறு எவனும் கிடைக்கலையா இதைக் கண்டுபிடிக்க?

அக்டோபர் 18, சனி

ஒரு வழி கிடைத்தது. எந்தத் திருத்தத்தோடும் ஒரு டெஸ்ட் வர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஒரு சின்ன வரலாற்றை உருவாக்கி, திருத்தம் இல்லாமல் ஓட்டினால் தோற்க வேண்டும், திருத்தத்தோடு ஓட்டினால் ஜெயிக்க வேண்டும். அவன் அதை எழுதவில்லை.

"டெஸ்ட் இல்லாமல் ஏற்க முடியாது. உண்மையில் நடந்த சம்பவமாக இருக்க வேண்டும். அ, ஆ என்று ஆட்களுக்குப் பெயர் வைத்தால் திருப்பி அனுப்புவேன்."

கடைசி ரெண்டும் விதியில் இல்லை. நானே சேர்த்தது. ஒருத்தர் பெயரை இன்னொருத்தர் அழிப்பதை அவன் கையாலேயே அடிக்கட்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஓடிட்டானா? ஓடிட்டா நான் யார்ட்ட போய் தீர்க்க?

அக்டோபர் 22, புதன்

டெஸ்ட் வந்துவிட்டது. மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. போன் வெளிச்சத்தில் திறந்தேன். இவன் மேனேஜரின் பெயர் இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் ஆள்: வள்ளிமயில். ரெண்டாவது ஆள்: கண்ணபிரான்.

வள்ளிமயில் பில்லிங் நிரல் எழுதுகிறாள். அவள் பெயர் இருந்த இடமெல்லாம் கண்ணபிரான் ஆகிறது. ஓட்டம் பாதியில் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. கடைசியில் பழைய பிரதியைத் திறந்தால் வள்ளிமயில் என்று வர வேண்டும். மேலே குறிப்பு: "இது நடந்தது. செய்தது நான்."

ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில், 'சார்' என்று நினைத்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருத்தருக்கு எழுதியிருக்கிறான்.

திருத்தம் இல்லாமல் ஓட்டினேன். 'வள்ளிமயில் கிடைக்கவில்லை' என்று சிவப்பில் வந்தது. திருத்தத்தோடு ஓட்டினேன். வந்துவிட்டாள். மறுபடி ஓட்டினேன், மறுபடி வந்தாள். லேப்டாப்பில் சார்ஜ் தீரும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன், அழுதுகொண்டே.

"மன்னிச்சிட்டியாட்டி?" என்றார் இவர்.

"மன்னிப்பா? ஒரு வருஷத்துக்கு ஒரு வரி போதுமா? வேலை சரியா இருக்கு, உள்ள விடுதேன். அம்புட்டுதான்."

அக்டோபர் 23, வியாழன்

உள்ளே விட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் 'கரிசல்' தானாக வந்து நின்றது. அதை அழித்துவிட்டு, வள்ளிமயில், கோவில்பட்டி என்று அடித்தேன்.

படிக்கட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

மத்தியானத்திலிருந்து அவனுடைய பழைய சென்னை நம்பர் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. போனைக் குப்புறப் போட்டுவிட்டு அடுத்த ரிவியூவைத் திறந்தேன்.