ஞாயிற்றுக்கிழமை நான் படிக்காத தாள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ஆல்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு வயிற்றெரிச்சல், என்னுடையது சாப்பாட்டினால் வந்ததில்லை. டப்ளின் குளிரில் நீயும் ஷாரனும் என் பேத்தித் தங்கமும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் முதல் ஜெபம். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. சனிக்கிழமை நீ, "ஒரு சாரிதானே லா, சொல்லிட்டுப் போங்கம்மா, டிசம்பர்ல பாப்பாவுக்கு ஞானஸ்நானம் அங்கதான வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நேற்று சபையில் நான் சாரி சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிக் கோபப்பட வேண்டுமானால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

உனக்கு ராமதாஸ் மூப்பர் சொன்ன கதைதான் வந்து சேர்ந்திருக்கிறது, நடந்ததை நான் சொல்கிறேன். நம் சபையில் மோகனா என்று ஒரு பெண், பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை, அவள் புருஷன் வேலு துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை, எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் ஆயர் ஈத்தாம் பக்கம் அவர்கள் ஃபிளாட்டில் வீட்டு ஜெபம் வைத்தோம். அந்தப் பெண் ஐந்து நாளாக அழவே இல்லை ஆல்வின், மரக்கட்டை மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை, பால் மட்டும் சுரக்கிறது, மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், மகனிடம் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று நினைக்காதே, தெரியாமல் உனக்குப் புரியாது. என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். பால் கொடுத்த தாய் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று கடவுள் சொன்னதாக வேதத்தில் இருக்கிறதே, அதுதான் நினைவுக்கு வந்தது. "எங்கள் தாயும் தகப்பனுமானவரே, பிள்ளையைச் சாகக் கொடுத்த வலி உமக்கும் தெரியும், நீரும் ஒரு தாய்தானே, இந்தத் தாயைப் பாரும்" என்று ஜெபித்தேன். அப்போதுதான் மோகனா வாய்விட்டு அழுதாள், ஒரு மணி நேரம் என் மடியில் கிடந்து அழுதாள். அந்த அறையில் உட்கார்ந்து அவள் வீட்டுக் கோப்பியைக் குடித்த ராமதாஸ் மூப்பருக்கு அவள் அழுகை காதில் விழவில்லை, நான் கடவுளைத் தாய் என்றதுதான் விழுந்தது.

புதன்கிழமை சபை மூப்பர்கள் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள், உட்காரச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. "கடவுள் பிதா, தாய் கீய்ன்னு சொல்றதுக்கு இது என்ன மாரியம்மன் கோயிலா? சந்திரிகாக்காவுக்கு ரத்தத்துல ஊறுனது இன்னும் போகல" என்றார் ராமதாஸ். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பிறந்தது சாமி கும்பிட்ட வீடுதான், அதை நான் மறைத்ததே இல்லை, அந்த வீட்டை நினைத்து வெட்கப்பட்டதும் இல்லை. உன் அப்பாவைக் கட்டி, ஞானஸ்நானம் எடுத்து முப்பத்தொரு வருஷம், இந்தச் சபையின் திரைச்சீலையைத் துவைத்திருக்கிறேன், எத்தனை சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டியிருக்கிறேன். இன்னும் நான் வெளியே இருந்து வந்தவளாம். அதைச் சொல்பவர் பெயர் ராமதாஸ், அவரும் இருபது வயதுக்கு மேல் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர்தான்! வாய் நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையார் முன்னால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உன் அப்பாவும் அந்தக் கமிட்டியில்தானே இருக்கிறார், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, நானும் பேசினால் சண்டை பெரிதாகும் என்று பார்த்தேன் என்றார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை, சோற்றை மட்டும் போட்டேன்.

வியாழக்கிழமை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார், உன்னைவிடச் சின்னவர், நல்ல பிள்ளைதான். ஏன் பாஸ்டர், கடவுளை ஆணாகவே ஏன் சொல்லி வைத்தார்கள் என்று நேராகக் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னார். இயேசுவே பிதா என்று அழைத்தார், நமக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வீடு, நிலம், பெயர், பாதுகாப்பு எல்லாம் தகப்பன் வழியாக வந்தது, அதனால் அவர்களுக்குத் தெரிந்த பெரிய சொல் அதுதான். சுற்றியிருந்த ஜனங்கள் உலகத்தைப் பெற்றெடுத்த தேவிகளைக் கும்பிட்டார்கள், அவர்களிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டவும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா கடவுளுக்கு உடம்பு இல்லம்மா, அவர் ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, படிச்ச எல்லாருக்கும் இது தெரியும்" என்றார். அப்படியென்றால் முந்தின நாள் கமிட்டியில் அதை ஏன் சொல்லவில்லை என்றேன். "சபையில குழப்பம் வந்துரும்மா" என்றார். பார்த்தாயா? தெரிந்ததைச் சொன்னால் குழப்பம், ஒரு பொம்பளையைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்தால் ஒழுங்கு! பிதா என்ற சொல் மேல் எனக்கு என்ன பகை? தினமும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் எழுந்திருக்கிறேன், இனியும் சொல்வேன். ஷாரன் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனால் பாப்பாவைக் குளிப்பாட்டுவது நீ, பால் கரைப்பது நீ, மார்பில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பது நீ, எல்லாம் வீடியோவில் பார்க்கிறேன். அதனால் நீ அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டாயா? உனக்கு முடிவது கடவுளுக்கு முடியாதா? கேட்க ஆள் இல்லை, கேட்டால் ரத்தத்தில் ஊறினதாம்.

நேற்று அறிவிப்பு முடிந்ததும் என்னை மேலே கூப்பிட்டார்கள். நீ சொன்னதற்காக, பாப்பாவுக்காக, படித்துவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாகச் சொல்கிறேன். ராமதாஸ் மூப்பர் டைப் அடித்த தாள், அறியாமையினால் தேவனைத் தாய் என்று அழைத்தேன், அந்த ஜெபம் பிழையான ஜெபம், சபையார் மன்னிக்க வேண்டும் என்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன், கடைசி பெஞ்சில் மோகனா உட்கார்ந்திருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு நேற்றுதான் சபைக்கு வந்திருக்கிறாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜெபம் பிழை என்று நான் படித்தால், அன்றைக்கு அவளோடு அழுத கடவுளை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போவது மாதிரிதானே? தாளை மடித்தேன். "மோகனா வீட்டுல நான் பண்ணுன ஜெபத்த நாளைக்கும் பண்ணுவேன். அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்போது உன் அப்பா முன்வரிசை மூப்பர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நம் சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், கல்யாணத்தன்று தவிர ஒரு ஆம்பிளை நடைபாதையைத் தாண்டினது கிடையாது, உனக்கே தெரியும். முட்டி வலியோடு மெதுவாகத் தாண்டி வந்து, பெண்களெல்லாம் நகர்ந்து இடம் கொடுக்க, என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொன்னோம், எங்கள் பிதாவே என்று நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

வெளியே கேட் அருகில் ராமதாஸ் மூப்பர் அப்பாவிடம், "டிசம்பர் விசேஷத்த இப்ப ஒன்னும் பேச வேணாம், அப்புறம் பாப்போம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும், ஷாரன் லீவும் வீணாகும், என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஏழு மாதமாகத் திரையில் மட்டும் பார்க்கிற பிள்ளையைச் சபையின் முன்னால் என் கையில் ஏந்திக் கொடுக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். நேற்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்தே அதை விட்டுவிட்டேன். இதை எழுதும்போது அழுகிறேன், ஆனால் தப்புச் செய்ததாக அழவில்லை. மோகனா பார்க்க அந்தத் தாளைப் படித்துவிட்டு, அதே மோகனா பார்க்க உன் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க எனக்கு முடியாது ஆல்வின். ஞானஸ்நானத்தை அங்கேயே உங்கள் சபையில் கொடுத்துவிடு, எனக்காகத் தள்ளிப்போடாதே.

உன்னையும் ஷாரனையும் பாப்பாவையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. நாள் முடிவானதும் நேரத்தைச் சரியாகக் கணக்குப் பார்த்துச் சொல், அப்பாவும் நானும் சபைக்குப் போகிற உடுப்போடு போனின் முன்னால் உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு மட்டும் மீட்டிங் என்று லைனை வெட்டிவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
சந்திரிகா