இடக்கையில் இரண்டு விரற்கடை

ஜனவரி 6

கர்த்தருக்குள் அன்பானவருக்கு,

ஸ்தோத்திரம். மாதாமாதம் படிப்பணம் அனுப்பி என்னைத் தாங்கும் நீங்கள் அண்ணனா தங்கையா என்று ஊழியச் சங்கம் ஐந்து வருடமாகச் சொல்லவில்லை. ‘தாங்குபவர் எண் 47’ என்றால் போதுமாம். கடிதமும் அவர்கள் வழியாகத்தான். ஓர் எண்ணை நினைத்து ஜெபிப்பது கஷ்டம்தான், ஆனாலும் ஒருநாளும் தவறவில்லை. உங்கள் தயவில் அடுப்பு எரிகிறது. சைக்கிளுக்குப் புது டயர் வந்திருக்கிறது.

சங்கத்துக்கு எழுதும் அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள். மற்றதை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு ஒரு மகள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், மலைக்கு அந்தப் பக்கம் கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “ஊருக்கெல்லாம் அப்பாவா இருந்தீங்க. எனக்கு மட்டும்தான் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருடமாகிறது. எங்கே இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் காலர் நைந்துவிட்டது. பிரசங்கம் எப்படி இருந்தாலும் முன்வரிசைக்காரர்களின் கண் காலரில்தான் இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உபதேசியார்

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய உபதேசியார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன். என் கையெழுத்து சுமார்தான், அதனால் வழக்கம்போல் தட்டச்சு.

எனக்கு ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் வேலை. வெள்ளைத் துணி வாங்கி ஒரு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாது, குத்துமதிப்புதான்.

ஒன்று கேட்கலாமா? உங்கள் மகள் திரும்பி வந்தால் என்ன சொல்வீர்கள்?

தாங்குபவர் எண் 47

ஜூலை 9

கர்த்தருக்குள் அன்பானவருக்கு,

சட்டை வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆலயத்து மணியைப் பழுதுபார்க்க ஏறி, ஏணியோடு விழுந்ததிலிருந்து என் இடக்கை வளைந்தே இருக்கிறது. என் மனைவி எப்போதும் சட்டையின் இடது கையை இரண்டு விரற்கடை குறைத்துத்தான் தைப்பாள். மகள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருவரும் போன பிறகு கடைச் சட்டையை வாங்கி, அந்தக் கையை மட்டும் மடித்துவிட்டுக்கொள்கிறேன். இதை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. உங்கள் குத்துமதிப்பிலும் இடக்கை இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறது.

தாங்குபவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் எனக்கு ஓய்வு. அத்தோடு படி நின்றுவிடும், கடிதத்தையும் நிறுத்திவிட வேண்டுமாம். படி இல்லாமல் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். இந்தக் கடிதம் இல்லாமல் எப்படி இருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

மகள் வந்தால் பிரசங்கம் பண்ண மாட்டேன். “தப்புப் பண்ணிட்டேம்மா” என்று மட்டும் சொல்வேன். அவளை எங்காவது பார்த்தால், சட்டை அளவாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உபதேசியார்

ஆகஸ்ட் 21

அப்பா,

இதைச் சங்கத்தின் வழியாக அனுப்பவில்லை. உறையின் பின்னால் என் விலாசம் இருக்கிறது. கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான்.

இடது கையைக் குறைத்தது எனக்கே தெரியாது. நீங்கள் எழுதிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அம்மா பழக்கிய கை, அதுபாட்டுக்கு வெட்டியிருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் சங்கத்துக்குப் போய், தாங்கினால் இந்த உபதேசியாரைத்தான் தாங்குவேன் என்று அடம்பிடித்தேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கையெழுத்தைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் சாமான்களைக் கட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். பின்பக்க அறையை ஒழித்து, ஜன்னலோரம் மேஜை போட்டிருக்கிறேன். என் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்