பெருநாள் அத்தரும் சீனி கருப்பட்டிச் சண்டையும்

பூந்தமல்லி,
1937 ஜனவரி

என் கண்ணான மகன் கலீல் ரகுமானுக்கு உன் அம்மா லத்தீஃபா ஆயிரம் சலாமும் முத்தமும் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், சுகம் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்கில் நீ நல்லபடியாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். வயிறு சரியாகிவிட்டதா? அந்த ஊர்ச் சாப்பாட்டில் மிளகாய் அதிகம் என்று எழுதியிருந்தாய், மோர் கிடைத்தால் குடி, கிடைக்காவிட்டால் வெந்தயம் விழுங்கு. இனிமேல் எழுதப்போவதைக் கடைசி வரி வரைக்கும் படி, பாதியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. உன் அத்தா கூடப்பிறந்த சாச்சாவின் மகள் ஜஹானாராவுக்கும் உனக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தோமே, அது பூனைச் சண்டையில் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது.

சீனியையும் கருப்பட்டியையும் மறந்திருக்கமாட்டாய். நீ கப்பல் ஏறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் சந்தைக்குப் பக்கத்தில் நனைந்து கிடந்த ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள் இரண்டையும் உன் கைலி மடியில் போட்டுக் கொண்டுவந்து துணியைப் பாலில் நனைத்து ஊட்டினாயே, அவைதான். நீ போன பிறகு வெள்ளைச் சீனி நம் அறையிலும் கருப்பட்டி சாச்சியின் அறையிலும் படுக்கப் பழகிக்கொண்டன, ஆனாலும் பகலெல்லாம் நடுமுற்றத்தில் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலை வைத்துத்தான் தூங்கும். பார்த்தவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி குடித்தனம் என்றால் இந்த வீடு மாதிரி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவர்கள் கண்தான் பட்டது என்று சாச்சி சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாம் உன் அத்தா செய்த வேலை.

நோன்புப் பெருநாள் காலையில் எல்லோரும் குளித்து உடுத்தி நின்றோம், உன் அத்தா கடைக்குப் புதிதாக வந்த கஸ்தூரி அத்தரை எடுத்து ஒவ்வொருவருக்கும் தடவிக்கொண்டு வந்தவர் காலடியில் சீனி நிற்பதைப் பார்த்துவிட்டார். அதுவும் நம்ம ஊட்டு ஜீவன்தானே, அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி என்று அதன் இரண்டு காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் தாராளமாகத் தடவிவிட்டார். கருப்பட்டி அப்போது கூரைமேல் இருந்தது. இறங்கி வந்து வழக்கம்போல மூஞ்சியோடு மூஞ்சி வைத்ததோ இல்லையோ, வாலைத் துடைப்பம் மாதிரி விரித்துக்கொண்டு ஒரு சீறல். சீனிக்கு ஒன்றும் புரியவில்லை, அது பாட்டுக்கு இன்னும் கிட்டே போனது. விழுந்தது ஒரு அறை. அப்புறம் வெள்ளையும் கறுப்பும் ஒரே பந்தாக உருண்டு பாயச அண்டாவைத் தட்டி, சேமியா முழுவதும் தொழுகைக்குக் கிளம்பி நின்ற உன் சாச்சாவின் புதுக் கோட்டில்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் சாச்சி, உங்க சீனிதான் மொதல்ல மொறச்சிது என்றாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, உங்க கருப்பட்டிக்குத்தான் கொழுப்பு என்றேன். அதுவரை அவை இரண்டும் உன் பூனைகளாக இருந்தன, அந்த நிமிஷத்திலிருந்து ஒன்று எங்களுடையது, ஒன்று அவர்களுடையது. மறுநாள் சாச்சி கண்ணூறு கழிக்கிறேன் என்று கருப்பட்டியைச் சாம்பிராணிப் புகையில் காட்டினாள். நான் சீனிக்கு உடம்பில் சூடு ஏறியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன், கையெல்லாம் கீறல், இன்னும் தழும்பு இருக்கிறது. உன் அத்தா, கஸ்தூரிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேலே கொஞ்சம் மல்லிகை அத்தர் போட்டால் சரியாகிவிடும் என்று அதையும் போட்டார். ஆகக்கூடி ஒன்று புகைந்துபோன அடுப்பு மாதிரியும் மற்றொன்று கல்யாணப் பந்தல் மாதிரியும் மணத்துக்கொண்டு ஒன்றை ஒன்று கண்ட இடத்தில் கிழித்தன. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தது எப்படி ஒரே நாளில் அந்நியமாகப் போகும் என்று நான் உட்கார்ந்து அழுதேன், பூனைக்காக மட்டும் அழவில்லை என்று உனக்குத் தெரியும்.

பிறகு தெருவில் பெரிய மனிதர்கள் மூன்று பேரை வைத்துப் பஞ்சாயத்து. சிரிக்காதே, உன் சாச்சாதான் அழைத்து வந்தார். கருப்பட்டியைக் கோழி கவிழ்க்கிற கூடைக்குள் போட்டு ஒரு பக்கம் வைத்தார்கள், சீனியை உன் அத்தா மடியில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார், வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கை ஓங்கியது யார் என்று விசாரித்தார்கள். கடைசியில் முற்றத்துக்கு நடுவே ஒரு மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள், இரண்டும் கண்ணில் படாமல் இருந்தால் அடங்கிவிடும் என்று தீர்ப்பு. அண்ணனும் தம்பியும் பேசாமல் ஆளுக்கொரு முனை பிடித்துக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம், கிணறு அவர்கள் பக்கம் போய்விட்டது, ஆட்டுக்கல் நம் பக்கம் நின்றுவிட்டது. ஜஹானாரா தண்ணீர் இறைத்துத் தட்டிக்கு மேலே குடத்தை நீட்டுவாள், நான் மாவு ஆட்டி அதே வழியாகத் திருப்பி நீட்டுவேன். குத்தம்பாக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் எல்லம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, இன்னாம்மா, பூனைக்கோசரம் ஊட்டையே ரெண்டாக்கிக்கினு கீறீங்க, நான் எந்தப் பக்கம் பாலை ஊத்துறது என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் அத்தாவுக்கும் சாச்சாவுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஒருநாள் சாச்சி தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் காதில் விழும்படி, ஒரு பூனைய ஒயுங்கா வச்சிக்கத் தெரியாத ஊட்டுக்கு எம் பொண்ண எப்டி அனுப்புறது என்றாள். வீட்டுக்கு அனுப்புவதாம்! முற்றத்தைத் தாண்டினால் நம் அறை. அதற்கு உன் அத்தா, அனுப்பாட்டி போங்கடா, எம் பையனுக்குப் பினாங்குலயே பொண்ணு கீது என்று கத்தினார். அந்த வாரமே ஆவடிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தக்காரர் ஜட்காவில் வந்து சாச்சா வீட்டில் பேசிவிட்டுப் போனார். அன்று குடத்தை நீட்டிய ஜஹானாராவின் கண் சிவந்திருந்தது, நான் கேட்டதற்கு அடுப்புப் புகை என்றாள். அவர்கள் பக்கம் அன்று அடுப்பே எரியவில்லை. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் கடிதம் போடவில்லை.

அந்த நிலையில்தான் பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஐயப்பன்தாங்கல்காரர் கப்பலிலிருந்து இறங்கி நீ கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால், எனக்கு வாங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியை உடையாமல் இருக்க ஒரு பழைய கைலியில் சுற்றியிருக்கிறாய். துவைத்தாவது சுற்றக்கூடாதா? உன் வேர்வை வாடை வீடு முழுக்க அடித்தது. பெற்ற வயிறு, எனக்கு அது தேன்தான், ஆனாலும் கொண்டுவந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று உன்னைத் திட்டிக்கொண்டே, கிணறு அந்தப் பக்கம் இருப்பதால் ஜஹானாரா துவைத்துக் கொடுக்கட்டும் என்று அதைத் தட்டியின் மேல் போட்டேன். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் தொங்கியது. அசர் தொழுது எழுந்திருக்கிறேன், சடசடவென்று தட்டி சாயும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சீனி இங்கிருந்தும் கருப்பட்டி அங்கிருந்தும் கைலியைப் பிடித்து ஏறியிருக்கின்றன, தட்டி பாரம் தாங்காமல் விழுந்து கிடக்கிறது. கொலை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் இரண்டும் அந்த அழுக்குக் கைலியில் மூஞ்சியைப் புதைத்துப் புரண்டுகொண்டிருக்கின்றன. புரண்டு புரண்டு இரண்டுக்கும் உன் வாடை ஏறிவிட்டது. பிறகு கருப்பட்டி தலையைத் தூக்கிச் சீனியின் காதுக்குப் பின்னால், அத்தர் தடவிய அதே இடத்தில், ஒரு தரம் முகர்ந்தது. அப்புறம் நக்க ஆரம்பித்தது.

உன் சாச்சா விழுந்த தட்டியைத் தூக்கி நிறுத்தப் போனார், உன் அத்தா அவர் கையைப் பிடித்து, வுடுறா, அடுப்புக்கு ஆவும் என்றார். சாச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது. ஆவடிக்காரருக்கு மறுநாளே ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. ஆனாலும் உன் அத்தா தன் அத்தர்மேல் பழி வருவதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது உயர்ந்த சரக்கு, பூனைக்கு அதன் அருமை தெரியவில்லை என்கிறார்.

ஒன்று சொல்ல மறந்தேன். அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு நான் கைலியைச் சுருட்டித் துவைக்க எடுத்தேன். அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற ஜஹானாரா வெளியே வந்து, தோய்க்காதீங்க பெரிம்மா, மறுபடி சண்ட வந்துடும் என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். பூனைகள் படுக்க ஒரு கூடையில் விரித்து வைத்திருப்பதாகச் சாச்சி சொன்னாள். நேற்று மதியம் எட்டிப் பார்த்தேன், பூனை இரண்டும் மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, கூடை காலியாக இருந்தது, ஜஹானாரா தலையணையில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணை உறைக்குள்ளிருந்து உன் கைலியின் கட்டம் போட்ட ஓரம் தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.

ஆகையால் மகனே, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னே வந்து சேரும்படி கப்பலுக்குச் சொல்லிவை. கப்பலில் குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், தெரியாதவர்கள் கொடுப்பதைத் தின்னாதே. உன் ஆயுளும் உன் தொழிலும் பெருக, நல்ல மனைவியோடு நிறைந்து வாழ ஆண்டவன் துணை நிற்பானாக. உன் அத்தாவும் சாச்சாவும் சாச்சியும் சலாம் சொல்லச் சொன்னார்கள், சொல்லாதவள் ஒருத்தியின் சலாமையும் சேர்த்துக்கொள். முக்கியமாக ஒன்று, பினாங்கு பௌடர், பொமேடு, அத்தர் எதையும் பூசிக்கொண்டு வந்து இறங்காதே. உன் வாடையோடு வா. இந்த வீட்டில் இனி யாரையும் முகர்ந்து பார்த்துத்தான் சேர்ப்பார்கள்.

வஸ்ஸலாம்.

உன்னை எதிர்பார்த்து வாசலையே பார்த்திருக்கும் அம்மா,
லத்தீஃபா