ஆளுக்கொரு கால்

ஏறாவூர்
17.08.2003

அன்பு மகன் அஹமட்டுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலால் நானும் தம்பி றவூபும் உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். வழக்கத்துக்காக எழுதும் வார்த்தை என்று இதை வாசித்துவிட்டுப் போகாதே. மாலைதீவில் உன் சாப்பாடும் உறக்கமும் ஒழுங்காக நடக்கட்டும். சுழியோடிகளுக்குச் சாமான் விற்கும் கடைக்குள்தான் வேலை, தண்ணீரில் இறங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியே இரு.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது கபூர் மாமா. உன்னிடம் இன்னும் இரண்டு சோடி பின்ஸ், சுழியோடக் காலில் மாட்டுவது, கேட்க வேண்டுமாம். கேட்பதற்கு முன், நீ அனுப்பிய முதல் சோடிக்கு என்ன நடந்தது என்று நீ அறிய வேண்டும். எழுதவே அருவருப்பாக இருக்கிறது. றவூப் மாமாவின் படகில் போய்ச் சுழியோடி எடுத்து வரும் கடலட்டையை அடுத்த வளவில் அவருடைய ஆட்கள் அவிக்கிறார்கள். குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, மறுபடி அவிக்கிறார்கள். கச்சான் காற்று அந்த வாடையை அப்படியே நம் குசினிக்குள் கொண்டு வருகிறது. சோற்றில் கை வைக்க முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதே பிராணியை மேசையில் கிடத்தி வெட்டிப் படித்தேன். அன்று பார்மலின் மணத்துக்கு மூக்கைப் பொத்தினேன். இன்று அது சுத்தமான மணமாகத் தோன்றுகிறது.

உன் மஞ்சள் பின்ஸ் நல்ல பொருள். வெறுங்காலோடு போடுகிறவனுக்குக் குதி மூடிய வகைதான் சரி என்று எழுதியிருந்தாய். சரியாகவே இருந்தது. றவூப் நின்று பார்த்தான், இருந்து பார்த்தான், காலை உதறிப் பார்த்தான். குதி கழலவில்லை. விரல்கள் மடங்கவில்லை. செருப்பில்லாமல் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும், அப்படியிருந்தும் சுண்டுவிரலை அது நெரிக்கவில்லை. முதல் நாள் கடலுக்குப் போய் வந்து, "உம்மா, கால ஒள்ளுப்பம் அசைச்சாக் காணும், மறுகா அதுவே தள்ளிட்டுப் போகுது" என்றான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மாமாவிடம் இருந்தது ஒரு பழைய கறுப்புச் சோடி. முழுக்க றப்பர், கட்டை, பாரம். பின்பட்டி அறுந்து, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு மடங்கு உதைத்தாலும் பாதித் தூரம்தான் போகும். அதை மற்றச் சுழியோடி நல்லரத்தினம் போட்டான். தேற்றாத்தீவுப் பொடியன், றவூபை விடக் கொஞ்சம் மூத்தவன், கரையில் மாமாவின் வாடிக் குடிலிலேயே தங்கியிருக்கிறான். சமாதானம் வந்து கடல் திறந்த பிறகு வேலை தேடி வந்தவன்.

முதல் நாள் றவூபின் பை முதலில் நிறைந்தது. மாமா அதைப் பார்த்தார். அடுத்த நாள் கரையில், எல்லார் முன்னாலும், இரண்டு சோடியையும் பிரித்தார். றவூபுக்கு இடது காலில் மஞ்சள், வலது காலில் கறுப்பு. நல்லரத்தினத்துக்கு இடது கறுப்பு, வலது மஞ்சள். "என்ட படகில நான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பாக்கமாட்டன். ஆளுக்கொண்டு" என்றாராம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் போனார்கள். நீதியான மனிசன், தன்ட மருமகன் எண்டும் பாக்கல்ல, தமிழ்ப் பொடியனுக்கும் சரிசமமாக் குடுத்திட்டார் என்று. இரண்டு பேருக்கும் சமமாக ஒன்றுமில்லாமல் செய்துவிட்டு நல்ல பெயர் வாங்கும் வித்தை. மாமா பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கேவலம். தான் செய்தது நீதி என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

இரண்டு காலும் ஒரே மாதிரி உதைக்கும், தண்ணீர் ஒரே மாதிரித் தள்ளாது. நீளமான மஞ்சள் கூடுதலாகத் தள்ளும். றவூப் சிரித்துக்கொண்டு சொன்னான்: "நான் வலப்பக்கமாக் கிறுகுறன் உம்மா, அவர் இடப்பக்கமாக் கிறுகுறார். ஒண்டாக் குதிச்சிட்டு அடியில ஆளையாள் காணல்ல." நேராகப் போகக் கறுப்புக் கால் விடாமல் உதைக்க வேண்டும், அந்தக் கெண்டைக்கால் ஒரு நாள் இழுக்கும் என்று சொன்னேன். "மாமா நீதியாத்தானே செஞ்சார், அவருக்கிட்ட என்னெண்டு கேக்கிற" என்றான். அவனும் அதை நம்பினான். வாடையை விட அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வியாழன் புன்னைக்குடாவுக்கு வெளியே இழுத்தது. வலது கெண்டைக்கால், கறுப்பு மாட்டிய கால். அடியில் நீரோட்டம் பலமாக இருந்திருக்கிறது. ஒரு காலை உதைத்து உதைத்து எங்கோ போய் மேலே வந்திருக்கிறான். படகு கடுகு மாதிரித் தெரிந்ததாம். கூப்பிடக் கூப்பிடக் குரலைக் காற்று வாங்கிக்கொண்டு போனதாம். நல்லரத்தினம் மேலே வந்து, ஆளைக் காணவில்லை என்றதும், படகில் ஏறாமல் நீந்திப் போயிருக்கிறான். இவனுடைய வலது தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து அணைத்துப் பிடித்தானாம். வெளிப்பக்கம் இரண்டு மஞ்சளும், உள்பக்கம் இரண்டு கறுப்பும். அப்படி இரண்டு பேரும் ஓர் ஆளாகி நேராக வந்து சேர்ந்திருக்கிறார்கள். மகனே, இதுதான் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மாமா இதை எப்படிச் சொல்லித் திரிகிறார் தெரியுமா. "பாத்தீங்களா, ஆளுக்கொண்டு குடுத்தபடியாத்தான் ரெண்டு பேரும் சேந்து வந்தானுகள். சோடியாக் குடுத்திருந்தா ஒருத்தன் போயிருப்பான்." தேத்தண்ணிக் கடையில் இது கதையாகிவிட்டது. சமாதானக் கமிட்டி என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு முஸ்லிம் கால், ஒரு தமிழ்க் கால், கூட்டத்தில் பொடியன்கள் வந்து சொன்னால் நல்லா இருக்கும் டீச்சர் என்றார்கள். எழும்பிப் போங்கள் என்று சொன்னேன். என் பிள்ளை மூழ்கப் பார்த்ததை இவர்கள் மேடையில் வைத்து இனிப்பாகப் பங்கிடப் பார்க்கிறார்கள்.

நல்லரத்தினம் மறுநாள் தன்னிடம் இருந்த மஞ்சள் பின்ஸை உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தான். "டீச்சர், உங்கட தாராவுக்கு மற்றக் கால் கொண்டு வந்திருக்கன்" என்றான், பின்ஸ் போட்டவனை வாத்தாக்கிய பகிடி. றவூப் கட்டிலில் கிடந்தபடி, "தாரா ஆருடா, ராத்திரி முழுக்கக் கெக்கெக்கெண்டு குறட்டை விடுறவன் நீதானே" என்றான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் இந்தக் கிழமையில் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. மஞ்சள் நல்லரத்தினத்துக்கு முதலே சரியில்லையாம். கால் ஒடுங்கியது, உதைக்கும்போது உள்ளே வழுகுமாம், பழந்துணி அடைத்துத்தான் போட்டானாம். இருவரும் பேசி முடிவு எடுத்தார்கள். மஞ்சள் இரண்டும் றவூபுக்கு, கறுப்பு இரண்டும் நல்லரத்தினத்துக்கு, பிடிப்பதைப் பொதுவில் போட்டுப் பாதி பாதி. கூடாத பின்ஸ் என்றாலும் இரண்டு காலிலும் ஒரே கூடாததாக இருந்தால் ஆள் நேராகப் போகலாம், போய்த் திரும்பியும் வரலாம். மாமாவிடம் சொன்னார்கள். "என்ட படகில அநியாயம் நடக்காது" என்று மறுத்துவிட்டார். அப்படியானால் வரமாட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். றவூபும் மாமாவின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னான் என்றதை நான் நம்பவில்லை. நல்லரத்தினத்திடம் திருப்பிக் கேட்டேன்.

அதன் பிறகுதான் மாமா வீட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் அந்த வாடை. "தொண்ணூறில உன்ட மாப்பிள்ள மௌத்தான நேரம் இந்த ரெண்டு புள்ளைகளையும் ஆர் பாத்த?" என்று கேட்டார். உன் வாப்பா இறந்த பிறகு நம்மை அவர்தான் பார்த்தார். உண்மை. அதனால்தான் இவ்வளவு காலம் அவர் முன்னால் என் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார், படகில் இனி நாலு பேர், அஹமட்டுக்கு எழுது, இரண்டு சோடி அனுப்பட்டும், மலிவானதே போதும், ஆளுக்கு ஒரு புதுசும் ஒரு பழசுமாகப் பிரித்துக் கொடுப்பாராம். நாலு பேருக்கு இரண்டு சோடி, மகனே. என் கூடப் பிறந்த காக்கா இவர். தங்கச்சி மகன் அரை உயிரோடு கரைக்கு வந்ததில் இருந்து அவர் படித்தது இவ்வளவுதான்.

இரண்டு சோடி அனுப்பாதே. ஒரே ஒரு சோடி அனுப்பு, நல்லரத்தினத்தின் காலுக்கு. நீ அளவு கேட்பாய் என்று நேற்று அவனை முன்மண்டபத்தில் கடதாசியில் நிற்கச் சொன்னேன். பென்சிலைச் சரித்துப் பிடித்தால் கால் சுருங்கிவிடும், அதனால் நானே குந்தியிருந்து வரைந்தேன். என் கை அவன் காலில் படவில்லை, பென்சில்தான் பட்டது. அந்த நேரம் மாமா வாசலில் வந்து நின்றார். "மாப்பிள்ள இல்லாத பொம்புள, ஒரு தமிழன்ட காலடியில குனிஞ்சு இரிக்கா. த்தூ" என்றார். நல்லரத்தினம் காலை எடுக்கப் பார்த்தான். எடுக்காதே என்றேன். "காக்கா, வெளிச்சத்த மறைக்காம ஒள்ளுப்பம் தள்ளி நில்லுங்க" என்றேன். கச்சான் காற்று கடதாசியைத் தூக்கியது. சுவரோடு நின்ற றவூப் மாமாவைப் பார்த்தான், பிறகு வந்து முழந்தாளில் இருந்து, கடதாசியின் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். பெருவிரலைச் சுற்றி வரைந்து முடித்து நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. மாமாவின் மகளை றவூபுக்கு என்று பேசியிருந்ததும் அதோடு போயிற்று. றவூப் கடதாசியை மடித்து என் கையில் தந்தான்.

கடதாசி இதோடு இருக்கிறது. கால் நீளம், ஒடுக்கம், மேற்பக்கம் உயர்ந்தது. குதி மூடிய வகையில் ஒடுங்கியது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பட்டி வகை வாங்கு, இறுக்கித் தளர்த்தலாம், ஆனால் வெறுங்காலுக்குப் பட்டி குதியைத் தின்றுவிடும், உள்ளே போடும் மெல்லிய சப்பாத்தும் சேர்த்து அனுப்பு. றவூபுடையதைப் போலவே நீளமாக இருக்கட்டும், இருவரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். பெட்டியின் மேல் நல்லரத்தினம் என்று எழுது, நம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. வேறு படகு பார்க்கிறார்கள், கிடைக்கும். மாமாவுக்குத் தனியாகச் சமாதானம் சொல்லி எழுதாதே. பெரியவர் என்று நீ எழுதுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். எழுதாதே.

தொழுகையை விடாதே. மழையில் நனைந்த உடுப்போடு உறங்காதே. அல்லாஹ் உன்னைக் கரையிலும் கடலிலும் தன் காவலில் வைத்திருக்கட்டும், உன் உழைப்பில் பறக்கத்தையும் பெருக்கத்தையும் தரட்டும், முழுதாக என்னிடம் திருப்பித் தரட்டும். ஆமீன்.

உன் உம்மா,
ஸகியா